பாட நாவல்கள் படிக்கத்தக்கவையா?

அமெரிக்க ஹைஸ்கூல்களில் பாடமாக வைக்கப்படும் பழைய நாவல்களைப் படிப்பதால் பயனுண்டா என்று கேட்கிறார்கள். மார்க் ட்வைன் 1885-ல் அங்கு வெளியிட்ட ‘ஹக்கிள்பெரி பின்’ ஒன்றையே எடுத்துக்கொள்ளுவோம். தப்பியோடும் கறுப்பு அடிமைக்கு உதவினால் நரகந்தான் என்பது அந்தப் பையனுக்குப் போதிக்கப்பட்டிருந்த மதம். ஆகவே ஜிம்மைக் காட்டிக்கொடுத்துச் சொந்தக்காரிக்குக் கடிதமும் எழுதிவிட்டான். பிறகு ஜிம் தன்னிடம் காட்டிய அன்பை நினைத்தான். நரகமே கிடைத்தாலும் சரியென்று கடிதத்தைக் கிழித்தெறிந்தான். இந்த ஓரிடத்துக்காகவே அதைப் படிக்கலாம் என்போம். கான்கார்ட் ஊர் நூல்நிலையத்தார் அவ்வாண்டே அதை அநாகரிகமென்று தள்ளியதும் வியப்பல்ல!

ஆனால் கடைசி அத்தியாயங்களில் ஜிம்மின் விடுதலையை டாம் சாயர் வெறும் விளையாட்டாக்குவது நமக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. பெரியவர்கள் புகழ்ந்தார்களென்று மாணவன் அதையும் மெச்ச வேண்டுமா? மெச்சாதவனுக்கு மார்க்கைக் குறைக்கும் உபாத்தியாயர், கடிதம் கிழித்த இடத்தை எந்த முகத்தோடு போதிப்பார்?