வீட்டை விற்கலாமா, டொக்டர் தங்கச்சி?



போன வருடம் கனடாவிலிருந்து நம் பழைய மாணவி ஒருவர் எனக்குப் போன் எடுத்தார். எல்கடுவவில் இருக்கும் அவரது தம்பியின் மகனுக்கு 8 வயது, இரத்தப் புற்றுநோய். "இந்தியாவில் ஒரே ஊசியில் சுகமாக்குகிறார்களாம். வீட்டை விற்றுக் காசு அனுப்பட்டுமா, டொக்டர் தங்கச்சி?" என்றார்.

அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல. நம் இரத்தத்தில் டீ கலங்கள் என்ற வெண்குழியங்கள் உண்டு. (நம் தோட்டத்து டீ அல்ல, தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் அந்தப் பெயர்.) கிருமி புகுந்த கலங்களைத் தேடி அழிப்பவை அவை. புற்றுக்கலமோ நம் சொந்தக் கலம் திரிந்தது; பல வேளை அவற்றின் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் நோயாளியின் டீ கலங்களைப் பிரித்தெடுத்து, நோய் உண்டாக்காதபடி முடக்கிய வைரஸ் மூலம் புதிய பரம்பரையலகு ஒன்றைச் செலுத்துகிறார்கள். புற்றுக்கலத்தின் மேலுள்ள சீடீ 19 என்ற அடையாளத்தை அவை இனிப் பற்றிப்பிடிக்கும். ஆய்வுகூடத்தில் பெருக்கி, அவருக்கே திரும்ப ஏற்றுகிறார்கள். கார் டீ சிகிச்சை என்பது இதுதான்.

2012இல் பிலடெல்பியாவில் இதைப் பெற்ற 6 வயது எமிலி வைட்ஹெட், கடும் காய்ச்சலில் செயற்கைச் சுவாசத்தில் கிடந்து மீண்டாள். 2017இல் அமெரிக்காவில் அதன் விலை 475,000 டொலர். பம்பாய் ஐஐடியும் டாட்டா மெமோரியல் ஆஸ்பத்திரியும் உருவாக்கிய நெக்ஸ்கார் 19க்கு 2023 ஒக்டோபரில் இந்திய அனுமதி கிடைத்தது. விலை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அதுவே நம் காசில் ஒரு கோடிக்கு மேல்.

"ஆனால் அக்கா, அது 15 வயது நிரம்பியவர்களுக்கு. அதுவும் மற்ற மருந்து கேட்காவிட்டால், அல்லது நோய் திரும்பினால்தான். அப்போதும் 10 பேரில் 7 பேருக்கே பலன் தெரிந்தது" என்றேன். பிள்ளைகளுக்கு அதிகம் வரும் லியூக்கேமியாவைப் பழைய கீமோதெரபியே பெரும்பாலும் குணமாக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இலவசம். இரண்டு மூன்று வருடம் இடையில் நிறுத்தாமல் போக வேண்டும். நம் மலையில் அதுதான் கஷ்டம்.

அந்தப் பிள்ளைக்கு "இரத்தம் குறைவு" என்று இரும்புக் குளிசையிலேயே இரண்டு மாதம் போயிருந்தது. எனக்கு இன்னும் கோபம் அதில்தான். முகம் வெளிறி, விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்து, அடிபடாமலே நீலத் தழும்பும் கால் எலும்பில் நோவும் இருந்தால், உடனே முழு இரத்தப் பரிசோதனை ஒன்று செய்யக் கேளுங்கள்.

அக்கா வீட்டை விற்கவில்லை. மாதாமாதம் அனுப்பும் காசில் தாய் தோட்டவேலையை விட்டு, மகனோடு மஹரகமவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்.