எலிவேட்: ஒரு சொல்லின் கதை

கோப்பெங் வட்டாரத்தில் பழைய ஈயச் சுரங்கங்களின் பெரிய இரும்புக் குழாய்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். மலையிலிருந்து ஆற்று நீரைச் சுரங்கத்துக்குக் கொண்டுவந்த குழாய்கள் அவை. உயரத்திலிருந்து இறங்கும் நீருக்கு விசை அதிகம். அந்த விசையால் மண்ணைக் கரைத்தார்கள். கரைந்த சேற்றைப் பள்ளத்திலிருந்து ‘பாலோங்’ என்னும் நீண்ட மரத்தொட்டிக்கு ஏற்றினார்கள். இத்தகைய சுரங்கங்களில் நீரின் விசையைக் கொண்டே சேற்றை ஏற்றிய கருவிக்கு ‘ஹைட்ராலிக் எலிவேட்டர்’ என்று பெயர்.

1985ஆம் ஆண்டு ஈய விலை வீழ்ந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆனால் அந்தச் சொல் நம்மைவிட்டுப் போகவில்லை. செம்பனை ஆலையில் பழத்தை மேலே கொண்டுசெல்லும் இயந்திரமும் எலிவேட்டர்தான். இன்று அந்தச் சொல்லின் வேரைப் பார்ப்போம்.

‘எலிவேட்’ என்றால் உயர்த்துதல். பொருளை மேலே தூக்குவதற்கும் இச்சொல் வரும். ஒருவரைப் பதவியில் உயர்த்துவதற்கும் வரும். உள்ளத்தை உயர்த்தும் பேச்சையும் ஆங்கிலத்தில் இச்சொல்லால் குறிப்பார்கள். இரத்த அழுத்தம் கூடியிருந்தால் மருத்துவர் ‘எலிவேட்டட்’ என்று எழுதுவார்.

இது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘லெவிஸ்’ என்றால் கனமில்லாதது, இலேசானது. அதிலிருந்து ‘லெவாரே’ பிறந்தது. இலேசாக்குதல் என்பது அதன் பொருள். இலேசானதைத் தூக்கலாம் அல்லவா? ஆகவே தூக்குதல் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது. பாரத்தைக் குறைப்பதும் உயர்த்துவதும் அவர்களுக்கு ஒரே சொல்!

இதன் உறவுச் சொற்களும் நாம் அறிந்தவையே. பாறையை நெம்பும் ‘லீவர்’ ஒன்று. துன்பத்தைத் தணிக்கும் ‘ரிலீஃப்’ மற்றொன்று. ‘லெவி’ என்னும் வரியும் இதே குடும்பம்தான். மக்களிடமிருந்து ‘தூக்கி’ எடுப்பதால் அப்பெயர். பாரத்தை இறக்கப் பிறந்த குடும்பத்தில், பாரத்தை ஏற்றும் பிள்ளையும் ஒன்று!

தமிழிலும் இப்படி ஓர் அழகு உண்டு. உயர்வுக்கு ‘ஏற்றம்’ என்கிறோம். கிணற்று நீரை இறைக்கும் கருவியும் ‘ஏற்றம்’தான். அதன் ஒரு முனையில் பாரம் கட்டியிருப்பார்கள். அல்லது ஆள் ஏறி மிதிப்பார். அதனால் மறுமுனையில் நீர்ச்சால் எளிதாக மேலே வரும். அங்கும் இறைப்பவரின் சுமையை இன்னொன்று பகிர்ந்துகொள்கிறது.

நம் வாழ்வில் இதைக் கண்டதில்லையா? 1950களில் பெரிய தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. லயத்து வீடும் வேலையும் ஒன்றாகப் போகும் நிலை. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அமையக் காரணமானார். ஒரு பங்கு 100 வெள்ளி. நாட்கூலிக்குப் பால்மரம் வெட்டியவருக்கு அது மலை. அதை மாதம் 10 வெள்ளியாகச் செலுத்தலாம் என்றார்கள். மலை, தூக்கக்கூடிய கல்லாயிற்று. அப்படிச் சேர்ந்த பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. ‘உயருங்கள்’ என்று சொன்னதோடு நில்லாமல், பாரத்தைப் பிரித்துக் கொடுத்ததே அங்கு நடந்தது.

வீட்டிலும் இதே கணக்குதான். “படித்து முன்னேறு” என்று பிள்ளைக்குச் சொல்கிறோம். சொல்லிவிட்டுத் தம்பி தங்கையைப் பார்க்கும் பொறுப்பையும் தண்ணீர் பிடிக்கும் வேலையையும் மூத்த மகள் தலையில் வைக்கிறோம். காண்டா கம்பில் இரண்டு வாளிப் பால் தூக்கி நடந்த தாய்க்குத் தெரியும், தோள் அழுந்தியிருக்கும்போது தலை நிமிராது என்று. அந்த வேலைகளில் ஒன்றை அண்ணன் எடுத்துக்கொள்ளட்டும். ஒன்றை அப்பா எடுத்துக்கொள்ளட்டும். மாலையில் ஒரு மணி நேரம் அவளுக்குக் கிடைத்தால் போதும்.

பிள்ளையை உயர்த்த நினைக்கிறோமா? முதலில் அதன் தோளிலிருந்து எதை இறக்கலாம் என்று பார்ப்போம். ‘எலிவேட்’ என்னும் சொல் நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.