மேனாட்டுச் சிந்தனையும் நம் மாணவரும்



அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் இயந்திரத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர், முன்பு என்னிடம் பயின்றவர், சில திங்களுக்கு முன் என் இல்லம் வந்தார். அஞ்சல் வழியில் பட்டம் பெற்றுவிட்டார். இனி மேனாட்டுச் சிந்தனை வரலாற்றையும் அதன் பேரிலக்கியங்களையும் முதுகலை அளவில் கற்க வேண்டும் என்பது அவருடைய அவா. வீட்டிலோ, "பிளேட்டோ வந்து சம்பளத்தை உயர்த்துவாரா?" என்று கேட்கிறார்களாம். நியாயமான கேள்வி. உயர்த்தமாட்டார் என்றே நானும் சொன்னேன்.

ஆயினும் ஒன்று உண்டு. நம் ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, சமதர்மப் பாங்கான சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானித்தது. அச்சொல்லுக்குப் பின்னே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் வாதப்போர்கள் நிற்கின்றன. அவற்றுக்கு முன்னே 1762இல் ரூஸோ எழுதிய 'சமுதாய ஒப்பந்தம்'. அதற்கும் நெடுங்காலம் முன்னே பிளேட்டோ. நம் ஊரின் பெயரோடு ஒட்டிவிட்ட ஒரு தீர்மானத்தின் பூர்விகத்தை நம் பிள்ளை ஒருவர் அறிய விரும்புவதில் என்ன பிழை?

பிழை நேர்வது கற்கும் முறையில்தான். நானே அதற்குச் சாட்சி. ஆசிரியப் பணியில் இருந்துகொண்டே முதுகலைத் தேர்வு எழுதியவன் நான். பிளேட்டோவின் நீதிக் கொள்கையை விளக்கச் சொன்ன வினாவுக்கு, கடையில் வாங்கிய குறிப்புநூலை மனப்பாடம் செய்து விடை எழுதித் தேறினேன். மூலநூலின் அட்டையைக்கூடக் கண்டதில்லை! பல ஆண்டுகள் கழித்தே, வெ. சாமிநாத சர்மாவின் 'பிளேட்டோவின் அரசியல்' என் கைக்குக் கிட்டியது. படிக்கப் படிக்க வெட்கம் மேலிட்டது.

அந்நூல் எப்படித் தொடங்குகிறது? திருவிழாக் காணத் துறைமுகத்துக்குச் சென்ற சாக்ரட்டீஸைப் பிடித்து நிறுத்தி ஒரு வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே கெபாலஸ் என்னும் முதியவர் முதுமையைப் பற்றிப் பேசுகிறார். பேச்சு நீதிக்குத் திரும்புகிறது. உண்மை பேசுவதும் வாங்கியதைத் திருப்பித் தருவதுமே நீதி என்றால், நண்பன் நல்லறிவோடு இருந்தபோது ஒப்படைத்த ஆயுதத்தை, அவன் பித்துப்பிடித்து வந்து கேட்கும்போது கொடுக்கலாமா? சாக்ரட்டீஸ் கேட்கும் கேள்வி இது.

இதைச் சொன்னதும் இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஐயா, குடித்துவிட்டு வந்தவன் தன் கருவிப்பெட்டிச் சாவியைக் கேட்டான், கொடுப்பதா வேண்டாமா என்று எங்கள் பட்டறையில் பெரிய சண்டையே நடந்தது" என்றார். எந்தக் குறிப்புநூல் அவரை அப்படி நிமிர வைத்திருக்கும்?

சர்மா 1895இல் பிறந்தவர். திரு.வி.க.வுடன் 'தேசபக்தன்' இதழில் பணியாற்றியவர். பின்னர் இரங்கூனில் வாழ்ந்து, 1942இல் போர்ச்சூழலில் பர்மாவிலிருந்து நடந்தே தாயகம் திரும்பியவர். கிரேக்கத்தையும் ரூஸோவையும் மார்க்ஸையும் தமிழருக்கு அறிமுகம் செய்ய வாழ்நாளைச் செலவிட்டார். இன்றைய முதுகலை மாணவருள் எத்தனை பேர் அவரைப் படிக்கிறார்கள் என்று எண்ணினால் எனக்குச் சற்றுக் கோபமே வருகிறது. மொழிபெயர்ப்போடு நின்றுவிடு என்று நான் சொல்லவில்லை. "தம்பி, தமிழில் ஓர் இயலைப் படி; பிறகு அதையே ஆங்கிலத்தில் படி; குறிப்புநூலைத் தேர்வுக்கு முதல் வாரம் தொட்டால் போதும்" என்றேன்.

புத்தகத்தை இரவல் வாங்கிப் போனார். சென்ற ஞாயிறன்று திரும்பவும் வந்தார். வாதம் சூடு பிடிக்கும் வேளையில் கெபாலஸ் கிழவர் ஏன் எழுந்து போய்விட்டார் என்பது அவருடைய ஐயம். வழிபாட்டுக்குப் போனதாக நூல் சொல்கிறது. கேள்விக்குப் பயந்து போனார் என்கிறார் இவர். நான் கிழவர் பக்கம். வழக்கு இன்னும் தீரவில்லை.