‘நோட்டீஸ்’ என்னும் சொல்

நம் பேச்சில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘நோட்டீஸ்’ என்பதும் ஒன்று. மலாய் மொழியும் இதனை ‘நோத்திஸ்’ என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது. இச்சொல்லின் பொருள்களை இன்று பார்ப்போம்.

கோயில் திருவிழாவுக்கு வீடுவீடாகக் கொடுக்கும் அச்சுத்தாளை நாம் நோட்டீஸ் என்கிறோம். தோட்டத்து ஆபீஸ் பலகையில் ஒட்டப்படுவதும் நோட்டீஸ்தான். இங்கெல்லாம் ‘அறிவிப்பு’ என்பது பொருள். பள்ளியில் ஆசிரியர், ‘டிட் யூ நோட்டீஸ்?’ என்று கேட்டால், ‘நீ கவனித்தாயா?’ என்று பொருள். இங்கே அது வினைச்சொல்லாகிறது.

இன்னொரு பொருளும் உண்டு. ‘அவருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள்’ என்று கேள்விப்பட்டால் நம் நெஞ்சு திடுக்கிடுகிறது. வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகத் தரும் முன்னறிவிப்பு அது. தொழிலாளி வேலையை விட விரும்பினால் அவரும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இரு தரப்புக்கும் கால அளவு ஒன்றே.

தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் இதனை வரையறுக்கிறது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தில் கால அளவு குறிக்கப்படவில்லையென்றால், 2 ஆண்டுகளுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 4 வாரமும், 2 முதல் 5 ஆண்டுகளுக்குள் 6 வாரமும், 5 ஆண்டும் அதற்கு மேலும் 8 வாரமும் குறைந்தபட்ச நோட்டீஸ் வேண்டும். தோட்டம் கைமாறியதால் வேலை போகுமானால், ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருந்தாலும் முதலாளி தரும் நோட்டீஸ் இந்த அளவுக்குக் குறையக்கூடாது. நோட்டீஸ் தராமல் உடனே நிறுத்தினால், அக்காலத்துச் சம்பளத்தைக் கொடுத்தாக வேண்டும். முறையான விசாரணையில் ஒழுங்கீனம் மெய்ப்பிக்கப்பட்டால் நோட்டீஸின்றி நீக்கலாம்.

நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ‘நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்’ என்று பெரட்டுக்களத்தில் வாயால் சொல்வது நோட்டீஸ் ஆகாது. அது கொடுக்கப்பட்ட நாளும் கணக்கில் சேரும் என்பதால், தேதியை உடனே குறித்துக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாதவர்கள், வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளையைக் கொண்டு முழுவதும் படித்துக் கேட்டறிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஐயம் இருந்தால் தாளைக் கிழித்துப் போடாமல், தொழிற்சங்கத்துக்கோ தொழிலாளர் இலாகாவுக்கோ கொண்டு போக வேண்டும்.

‘நோட்டீஸ்’ என்றால் அறிவிப்பு; ‘நோட்டீஸ்’ என்றால் கவனி. அறிவிப்பு வந்ததும் கலங்கி நின்றுவிடாமல் கவனிப்போமாக.