“உங்க ஆளு என்ன சொல்றாரு தம்பி?”

(தகவல் தொழில்நுட்பப் பிரிவு பயிலரங்கில் நம் தன்னார்வலர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சுட்டு பகிருங்க.)



நான் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடிச்சவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. போஸ்டர் டிசைன் பண்ணுவேன், வீடியோ எடிட் பண்ணுவேன், அவ்வளவுதான். அதனால தப்பு இருந்தா பொறுத்துக்கங்க.

போன உள்ளாட்சித் தேர்தல்ல நடந்த ஒரு விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். வீடு வீடா நோட்டீஸ் கொடுத்துட்டு வந்தோம். ஒரு வீட்டு வாசல்ல இட்லி மாவு விக்கிற ஒரு அக்கா. நோட்டீஸை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாங்க. “உங்க ஆளு நல்லவர்னு போட்டிருக்கு, எதிர்க்கட்சி ஆளு கெட்டவர்னு போட்டிருக்கு. சரி. உங்க ஆளு என்ன சொல்றாரு தம்பி?”ன்னு கேட்டாங்க. என் போன்ல இருநூறு டிசைன் இருந்துச்சு. அந்தக் கேள்விக்குப் பதில் ஒண்ணுலகூட இல்லை. சிரிச்சு மழுப்பிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை.

அதுக்கப்புறம்தான் பழைய சின்னக் கட்சிகளைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். அதுல ஒரு வேட்பாளரைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறேன். அவர் பேர் மினு மசானி. சுதந்திராக் கட்சி, நட்சத்திரச் சின்னம். அவர் நம்ம கட்சி இல்லை. அவர் சொன்ன எல்லாத்தையும் நாம ஏத்துக்கணும்னும் இல்லை. ஆனா அந்த அக்கா கேட்ட கேள்விக்கு அவர்கிட்ட பதில் இருந்துச்சு. அதுதான் நமக்கு வேண்டியது.

முதல்ல பின்னணி. 1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறைக்குத் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து அதே வருஷம் ஜூன்ல நம்ம சென்னையிலதான் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ஆரம்பிச்ச ராஜாஜிக்கு அப்போ வயசு 80. கட்சித் தலைவர் ஆந்திராவின் என்.ஜி. ரங்கா. மசானி பம்பாய் பார்சி. ஒரு காலத்துல காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியை ஆரம்பிச்சவங்கள்ல அவரும் ஒருத்தர். பிறகு மனசு மாறி எதிர்ப்பக்கம் வந்தவர். மாறினதை அவர் ஒளிச்சு வைக்கலை.

1963 மே மாசம் குஜராத்தின் ராஜ்கோட்ல இடைத்தேர்தல். அதுக்கு முந்தின வருஷம் அங்கே ஜெயிச்சவர் காங்கிரஸின் யு.என். தேபர். நாக்பூர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவரும் அவரேதான்! அந்தத் தொகுதியில, அந்தத் தீர்மானத்தை எதிர்க்கிற கட்சியோட வேட்பாளர், வெளியூர்க்காரர், போய் நின்னு ஜெயிச்சார். அதே சமயத்துல அம்ரோஹாவில் கிருபளானியும் ஃபரூக்காபாத்தில் லோகியாவும் ஜெயிச்சாங்க. ஆகஸ்ட்ல நேரு அரசு மேல முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஆதரவு 62, எதிர்ப்பு 347. தோத்ததுதான். ஆனா கேள்வி கேட்க ஆள் வந்தாச்சு. அக்டோபர்ல நம்ம காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டுட்டுக் கட்சி வேலைக்குப் போனாரே, அந்தக் ‘கே பிளான்’ வந்ததும் இதே வருஷம்தான்.

சரி, அவர் என்ன சொன்னார்? ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. நிலம்

உழுகிறவன் கையில நிலம் இருக்கணும். சேர்த்து ஒரே பண்ணையாக்கினா விவசாயி தன் வயல்லயே கூலிக்காரன் ஆயிடுவான். இதுதான் அவங்க வாதம். நம்ம ஊர்லயே பாருங்க. சொந்தப் பட்டா நிலம்னா ராத்திரி பன்னெண்டு மணிக்கு கரண்ட் வந்தாலும் எழுந்து போய் மோட்டார் போடுவோம். பொதுவான நிலத்துக்கு யார் போவா? எதிர்த்தரப்பு சொன்னதையும் நேர்மையா சொல்லணும். துண்டு துண்டான நிலத்துல லாபம் வராது, நிலமே இல்லாதவனுக்கு என்ன வழி? இது நியாயமான கேள்வி. இந்தக் கடைசிக் கேள்விக்கு சுதந்திராக் கட்சி சரியான பதில் சொல்லவே இல்லைங்கிறது என் கருத்து.

2. தொழில்

1951 தொழில் சட்டப்படி, குறிப்பிட்ட தொழில்கள்ல ஆலை ஆரம்பிக்கவும் பெருசாக்கவும் டெல்லியில லைசென்ஸ் வாங்கணும். இதை ‘லைசென்ஸ் பெர்மிட் ராஜ்’னு ராஜாஜி கிண்டல் பண்ணினார். நாடாளுமன்றத்துல மசானி அதே வாதத்தை வெச்சார். அன்னைக்கு அவங்களைப் பணக்காரர்களோட கையாள்னு சொன்னாங்க. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு அந்த லைசென்ஸை எடுத்தது காங்கிரஸ் அரசேதான். இன்னைக்கு ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ்ல போற நம்ம பசங்களுக்கு இந்த விவாதம் பழங்கதை இல்லை.

3. வங்கிகள்

1969 ஜூலை 19-ல் 14 வங்கிகள் அரசுடைமை ஆச்சு. மசானி எதிர்த்தார். அவர் கட்சியைச் சேர்ந்த ஆர்.சி. கூப்பர் வழக்குப் போட்டு 1970 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சார். அரசு உடனே புதுச் சட்டம் கொண்டுவந்து வங்கிகளைத் தன்கிட்டயே வெச்சுக்கிச்சு. இதுல நான் மசானி பக்கம் இல்லை. கிராமத்துக்கு வங்கிக் கிளை வந்ததுல அரசுடைமைக்குப் பெரிய பங்கு உண்டு. எங்க தாத்தாவுக்கு முதல் பாஸ்புக் கிடைச்சதே அதுக்கப்புறம்தான்.

4. மன்னர் மானியம்

அரசியல் சாசனத்துல கொடுத்த வாக்கை மீறக்கூடாதுங்கிறது சுதந்திராக் கட்சி நிலைப்பாடு. வாதம் சட்டப்படி சரியாவே இருக்கட்டும். ஆனா கட்சியில ராஜாக்களும் ராணிகளும் நிறைய இருந்தாங்க. சோத்துக்குக் கஷ்டப்படுற ஜனங்க அதை எப்படிப் பார்ப்பாங்க? ‘இது மகாராஜா கட்சி’ங்கிற பேர் ஒட்டிக்கிச்சு, கடைசி வரைக்கும் போகலை.

5. மொழி

இங்கே ராஜாஜி இந்தியே ஆட்சிமொழி ஆவதை எதிர்த்து ஆங்கிலம் தொடரணும்னார். 1938-ல் பள்ளியில இந்தியைக் கட்டாயமாக்கினவரும் இதே ராஜாஜிதான், அதையும் மறக்கக்கூடாது. கட்சியோட வடக்கத்தி ஆட்கள் வேற மாதிரி நினைச்சாங்க. அதுக்கு அந்தக் கட்சியில ஒரு விதி இருந்துச்சு. மொத்தம் 21 கொள்கைகள். அதுக்குள்ள வராத விஷயத்துல உறுப்பினர்கள் அவங்கவங்க கருத்துப்படி நடக்கலாம். இது சுதந்திரமா, நழுவலா? நீங்களே யோசிங்க. மொழி மாதிரி விஷயத்துல நழுவல்னுதான் எனக்குப் படுது.

இப்படி அடுக்கினா ‘வலதுசாரி’ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடலாம்னு தோணும். அதுவும் சரியா வராது. 1947-ல் அடிப்படை உரிமைகள் துணைக்குழுவில் பொது சிவில் சட்டம் வேணும்னு ஹன்சா மேத்தா, அம்ரித் கௌரோட சேர்ந்து மறுப்புக் குறிப்பு எழுதினவர் மசானி. நெருக்கடி நிலையில தன் பத்திரிகைக்கு வந்த தணிக்கையை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்துல வழக்காடி ஜெயிச்சவர். வயசான காலத்துல, கௌரவமா சாகிற உரிமைக்காக ஒரு அமைப்பையே நடத்தினார். ஒரு முத்திரையைக் குத்திட்டா இதெல்லாம் நம்ம கண்ணுக்குத் தெரியாமலே போயிடும். எதிர்க்கட்சிக்காரர் மேல நாம தினமும் குத்துற முத்திரைக்கும் இது பொருந்தும்.

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றேன்.

1962-ல் மக்களவையில் சுதந்திராக் கட்சிக்கு 18 இடம். 1967-ல் 44 இடம், மிகப்பெரிய எதிர்க்கட்சி. தமிழ்நாட்டுல அண்ணாவோட கூட்டணி சேர்ந்து சட்டமன்றத்துல 20, மக்களவையில 6. அப்புறம் 1971. பல கட்சிகள் சேர்ந்த பெரிய கூட்டணி. அந்தக் கூட்டணியோட கோஷம் என்ன தெரியுமா? ‘இந்திராவை அகற்று’. பன்னிரண்டு வருஷமா நிலம், தொழில், வரின்னு பேசின கட்சி, ஒரு ஆளைத் தூக்கணும்ங்கிற ஒத்தை வரியோட ஜனங்ககிட்ட போச்சு. இந்திரா என்ன சொன்னாங்க? ‘வறுமையை அகற்று’. மாவு விக்கிற அக்கா எதைக் கேட்பாங்க? முடிவு: 44 எட்டாச்சு. மசானியும் ராஜ்கோட்ல தோத்து தலைவர் பதவியை விட்டார். 1974-ல் கட்சி வேற கட்சியோட கரைஞ்சு போச்சு.

காரணம் அது ஒண்ணுதான்னு நான் சொல்லலை. மகாராஜா பேரும் இருந்துச்சு, நிலமில்லாதவனுக்குப் பதில் இல்லாததும் இருந்துச்சு. ஆனா பெரிய கட்சிக்குப் பணம் இருக்கு, பூத்துக்குப் பூத் ஆள் இருக்கு. சின்னக் கட்சிகிட்ட இருக்கிறது சொல்றதுக்கு ஒரு விஷயம் மட்டும்தான். அதையும் கீழே வெச்சுட்டா மிச்சம் என்ன?

நம்ம பேஜை நேத்து ராத்திரி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். கடைசியா போட்ட முப்பது போஸ்ட்ல இருபத்தி நாலு அடுத்தவரைத் திட்டினது. அதுல பாதி நான் டிசைன் பண்ணினது. லைக் நல்லாவே வந்துச்சு, பொய் சொல்லலை. ஆனா அந்த அக்காவுக்குப் பதில் அதுல எங்கேயும் இல்லை.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். நிலம், தண்ணி, மொழி, பள்ளிக்கூடம், மதுக்கடை, வேலை. இந்த ஆறுலயும் நம்ம வேட்பாளர் நிலைப்பாடு என்னன்னு ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வரி எழுதுங்க. பதில் தெரியலைன்னா மாவட்டப் பொறுப்பாளர்கிட்ட கேளுங்க. அவருக்கும் தெரியலைன்னா இன்னும் மேல கேளுங்க. கேட்கிறது கட்சி விரோதம் இல்லை. நிலைப்பாட்டுல ஓட்டை இருந்தா வாசல்ல நிக்கிற ஓட்டர் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நாமே கண்டுபிடிச்சுடலாம்.

அந்த அக்கா வீடு எங்க தெருவுல இருந்து மூணாவது தெரு. அடுத்த தடவை நோட்டீஸோட மட்டும் போக மாட்டேன்.



(உங்க ஊர் மக்கள் நம்மகிட்ட கேட்ட, பதில் சொல்ல முடியாத ஒரு கேள்வியை கமெண்டில் எழுதுங்க. எல்லாத்தையும் தொகுத்துத் தலைமைக்கு அனுப்புறோம்.)