பேரம் பேசினால் லாபமா? பழைய கார் வாங்கும் சகோதரிகளுக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



முன்பெல்லாம் கடன் மனு என்றால் கறவை மாடு, தையல் மிஷின், பெட்டிக்கடை என்றுதான் வரும். இப்போது பழைய கார் வாங்கவும் மனு வருகிறது. எங்கள் குழுவில் இரண்டு சகோதரிகள் அப்படி வாங்கினார்கள். ஒருவர் கார் கன்சல்டிங்கில் பேரம் பேசி வாங்கினார். இன்னொருவர் ஒரே விலை சொல்லும் கடையில் வாங்கினார். இரண்டிலும் நம் சேமிப்புப் பணம் இருந்தது. அதில் நாங்கள் பட்டதையும் கற்றதையும் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதல் காரின் கதை

கன்சல்டிங்காரர் முதலில் 2,10,000 ரூபாய் சொன்னார். நாங்கள் நாலு பேர் துணைக்குப் போயிருந்தோம். விடுவோமா? எழுந்து வாசல்வரை நடந்தோம், திரும்பக் கூப்பிட்டார், கடைசியில் 1,85,000-க்கு முடித்தோம். 25 ஆயிரம் குறைச்சுட்டோம்னு வர்ற வழியெல்லாம் ஒரே பெருமை.

ஒரு மாதம் கழித்து பேர் மாற்றப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. ஆர்.சி. புத்தகத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இருந்தது. பழைய ஓனர் கடனை முழுசாகக் கட்டவில்லை. அந்தக் கம்பெனி என்.ஓ.சி. கொடுக்காமல் பேர் மாற்ற முடியாது. கன்சல்டிங்காரரைக் கேட்டால், "நான் நடுவில் இருந்தவன், எனக்கென்ன தெரியும்" என்றார். ஏழு மாதம் அலைந்தோம். வண்டியை ரோட்டில் எடுக்கவே பயம். கடைசியில் நிலுவை 31 ஆயிரத்தை அந்தச் சகோதரியே கட்டினார். பேரத்தில் வந்தது 25 ஆயிரம், போனது 31 ஆயிரம். அலைச்சலுக்குக் கணக்கே இல்லை.

இதில் எங்கள் தவறும் உண்டு. கடன் கொடுத்த நாங்கள் விலையை மட்டும் பார்த்தோம், ஆர்.சி.யைப் பார்க்கவில்லை.

ஒரே விலைக் கடை

இரண்டாவது சகோதரி வாங்கப் போனபோது பழக்கதோஷத்தில், "தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றோம். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே, "அக்கா, யார் வந்தாலும் இதே விலைதான்" என்றான். ஏறக்குறைய அதே மாதிரி வண்டி, 2,20,000 ரூபாய். முதல் வண்டியைவிட 35 ஆயிரம் கூட. ஆனால் வண்டியைச் சோதித்த தாள் கையில் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்க்க விட்டார்கள். பேர் மாற்றும் வேலையை அவர்களே செய்வதாக எழுதிக் கொடுத்தார்கள், செய்தும் முடித்தார்கள்.

இந்த முறை புதிதல்ல. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்ட் நகரில் 1993-ல் கார்மேக்ஸ் என்ற நிறுவனம் பேரம் இல்லாமல் பழைய கார் விற்க ஆரம்பித்தது. நம் நாட்டில் மாருதி கம்பெனி 2001-ல் ட்ரூ வேல்யூ என்று பழைய கார் விற்பனையில் இறங்கியது. பிறகு ஸ்பின்னி போன்ற நிறுவனங்கள் ஒரே விலை முறையைக் கொண்டு வந்தன.

பெண் என்றால் விலை கூடுமா?

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் நிற்பவருக்கு என்ன விலை என்று தெரியாது. பேரம் என்றாலே அப்படித்தான். ஆளைப் பார்த்து விலை.

அமெரிக்காவில் சிகாகோ பகுதியில் செய்த ஓர் ஆய்வை இயன் அயர்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 1991-ல் வெளியிட்டார். புதுக் கார் கடைகளுக்கு ஆண்களையும் பெண்களையும் அனுப்பினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி கொடுத்தார்கள். அப்படியும் வெள்ளைக்கார ஆணைவிடப் பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் அதிக விலை சொன்னார்கள். கறுப்பினப் பெண்களுக்குத்தான் மிக அதிகம். பேசத் தெரியாததால் அல்ல, ஆளைப் பார்த்தே விலை ஏறியது.

அதனால் ஒரே விலைக் கடையில் நமக்கு ஒரு நன்மை உண்டு. தனியாகப் போன பெண்ணுக்கும் மீசை வைத்த மாமாவுக்கும் அங்கே ஒரே விலை.

ஆனால் அங்கேயும் கண் திறந்திருக்கணும்

விலையில் பேரம் இல்லை, சரி. மற்றதில்? எக்ஸ்ட்ரா வாரண்டி, டாக்குமெண்ட் சார்ஜ், இன்சூரன்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். எது கட்டாயம், எது நம் விருப்பம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, வேண்டாததை எடுக்கச் சொன்னோம்.

பெரிய ஆபத்து கடனில் இருந்தது. "2 லட்சம் கடன், 12 சதவீத வட்டி, மூன்று வருஷம்" என்றார்கள். நம் குழு வட்டியும் அப்படித்தானே என்று நினைத்தோம். எங்கள் கணக்காளர் சகோதரி தவணை எவ்வளவு என்று கேட்டார். மாதம் 7,556 ரூபாய். அது ஃப்ளாட் வட்டி. கட்டக் கட்ட அசல் குறைந்தாலும் வட்டி முழு 2 லட்சத்துக்கே போடுவார்கள். மூன்று வருஷத்தில் வட்டி 72 ஆயிரம். நம் குழுவில் அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். அந்த முறையில் அதே 12 சதவீதத்துக்குத் தவணை 6,643 ரூபாய்தான், மொத்த வட்டி சுமார் 39 ஆயிரம். வித்தியாசம் 33 ஆயிரம்! எத்தனை பேரம் பேசினாலும் இவ்வளவு குறைக்க முடியுமா? அந்தக் கடனை வேண்டாம் என்று சொல்லி, குழு மூலம் ஏற்பாடு செய்தோம். கன்சல்டிங்கில் வாங்கினாலும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

எங்கே வாங்கலாம்?

கன்சல்டிங்கில் எல்லோரும் ஏமாற்றுவார்கள் என்று சொல்ல மாட்டோம். பல வருஷமாக அதே ஊரில் கடை வைத்து, பேரைக் காப்பாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். நம்பிக்கையான மெக்கானிக் கூட வந்தால் அங்கே குறைந்த விலைக்கு நல்ல வண்டி கிடைக்கும். அப்படி ஆள் இல்லாதவர்களுக்கு ஒரே விலைக் கடை நிம்மதி. அந்த நிம்மதிக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். 2022 டிசம்பரில் வந்த மத்திய அரசு விதிப்படி, பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும். எந்தக் கடையானாலும் அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

1. எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு ஆர்.சி., எஃப்.சி., இன்சூரன்ஸ் தேதி பாருங்கள். ஃபைனான்ஸ் பாக்கி, போலீஸ் அபராதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பேர் இருந்தால், என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம்.

3. பேர் மாற்ற படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பேருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

4. இன்ஜின் சூடாகாத காலை நேரத்தில் போய் ஸ்டார்ட் செய்து பாருங்கள். கிலோமீட்டர் குறைவாக இருந்து, பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

5. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சேறும் வாடையும் இருந்தால் வேண்டாம்.

6. பேசியதெல்லாம் எழுத்தில் வரட்டும். வாய்ப்பேச்சு ரசீது ஆகாது.

வண்டியை விற்கிற சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. பேர் மாறாமல் வண்டியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறோம். வாகனக் கடன் மனு வந்தால், ஆர்.சி. விவரத்தை இரண்டு உறுப்பினர்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே பணம். முதல் கார் வாங்கிய சகோதரிதான் அதில் முதல் கையெழுத்துப் போடுகிறவர். "நான் கட்டின 31 ஆயிரம் இனி யாரும் கட்டக் கூடாது" என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு அது. உங்கள் குழுவிலும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசுங்கள்.