கலியாண வீடியோவுக்கு எந்த இயங்குதளம்?



ஊரை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதியோடும் அடையாள அட்டையோடும் கலியாண வீடியோ கசெற்றையும் எடுத்து வந்த குடும்பங்கள் நம்மில் பல. அந்தப் பந்தல் போட்ட வீடு இன்று இல்லாமல் இருக்கலாம். சபையில் இருந்த பெரியவர்கள் சிலரின் முகம் அந்த நாடாவில் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். வெக்கையும் ஈரப்பதனும் நாடாவுக்கு எதிரி. நஜ்மாவில் இரண்டுக்கும் குறைவில்லை. புதிய வி.சி.ஆர். வாங்கவும் வழியில்லை, கடைசியாகத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 இல் நிறுத்திவிட்டது. ஆகவே, இதை இந்த வருடமே செய்துவிடுங்கள்.

இறுவட்டில் ஏற்ற விண்டோஸ் நல்லதா, மக் நல்லதா, லினக்ஸ் நல்லதா? நான் கணக்காளன். புதிதாக வாங்குமுன் கையிருப்பைப் பார்ப்பதே என் வழக்கம்.

விண்டோஸ் பலரிடம் ஏற்கனவே உண்டு. வி.சி.ஆரில் இருந்து படத்தைக் கணினிக்குள் எடுக்கும் மலிவான யு.எஸ்.பி. கருவிகள் பெரும்பாலும் அதற்கென்றே செய்யப்பட்டவை. ஆனால் விஸ்டாவிலும் விண்டோஸ் 7 இலும் கூடவே வந்த டிவிடி மேக்கர், 2012 இல் வந்த விண்டோஸ் 8 இல் இல்லை. விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களும் 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தன. அந்தப் பழைய கணினியை எறியவேண்டாம். இணையத்தைத் துண்டித்துவிட்டு, கசெற் பதிவுக்கு மட்டும் வைத்திருங்கள்.

மக்கில் ஒருகாலத்தில் ஐடிவிடி என்ற அருமையான மென்பொருள் இருந்தது. 2019 இல் வந்த கட்டலினா பதிப்பு முதல் அது இயங்காது. அதில் செய்து வைத்த வேலைக் கோப்புகளைத் திறக்க இன்று ஒரு பழைய மக்கைத் தேடவேண்டும்.

லினக்ஸுக்குப் பணம் இல்லை. மெதுவாகிப்போன பழைய கணினியிலும் பெரும்பாலும் ஓடும். குறை என்னவென்றால், சில யு.எஸ்.பி. கருவிகளை அது இனங்காணாது. கருவியை வாங்குமுன் விசாரியுங்கள்.

என் யோசனை இதுதான். முதலில் கருவி, பிறகு மென்பொருள், கடைசியில்தான் இயங்குதளம். எஃப்எஃப்எம்பெக், ஹேண்ட்பிரேக் இரண்டும் மூன்று தளங்களிலும் இலவசம். பட்டியல், அத்தியாயம் எல்லாம் வைத்து டிவிடி செய்ய டிவிடிஸ்டைலர் விண்டோஸிலும் லினக்ஸிலும் உண்டு. இவற்றில் பழகியவருக்குக் கணினி மாறினாலும் வேலை நிற்காது.

இனி ஒரு சிறு கணக்கு. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். இரண்டு மணி நேரப் படம் என்றால் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 5.2 மெகாபிட் கிடைக்கும். படம் தெளிவாக இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3.5 தான்; தாலி கட்டும்போது முகங்கள் கட்டங்கட்டமாக உடையும். பேராசைப்படாமல் இரண்டு இறுவட்டாகப் பிரியுங்கள்.

இன்னொன்று. இலங்கை, கட்டார், இலண்டன் எல்லாம் பால் முறை: செக்கனுக்கு 25 படம், 576 வரி. கனடா என்.ரி.எஸ்.சி. முறை: 29.97 படம், 480 வரி. இங்கே செய்த இறுவட்டு ரொறன்ரோவில் உள்ள மாமியின் பிளேயரில் ஓடாமல் போகலாம். அவருக்கு எம்பி4 கோப்பாக அனுப்புவதே சுகம்.

எழுதக்கூடிய இறுவட்டின் சாயமும் வெயிலில் மங்கும். ஆகவே இறுவட்டை மட்டும் நம்பாதீர்கள். கணினிக்குள் எடுத்த மூலப் பதிவை ஒரு வெளி வன்தட்டில் வைத்து, இன்னொரு பிரதியை வேறு நாட்டில் இருக்கும் உறவினரிடம் கொடுங்கள். 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதோடு போயின. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நம் நூல்களைத் தேடிச் சேர்த்து வருகிறது. வீட்டுக் கசெற்றுக்கு அந்தப் பொறுப்பு நமக்குத்தான்.

பிரதி எடுத்த பின், படத்தில் இருப்பவர்களின் பெயர்களை மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எந்த இயங்குதளமும் அதைச் சொல்லித் தராது.